எள்ளளவு தள்ளிய குழி

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் வில்வநாதன். அவனுக்குப் பின்னால் செய்தவர்கள் நிறையப் பேர், தவளக்குன்று ஊர் மொத்தமுமே செய்தது, ஆனால் வரிசையில் முதல் ஆள் அவன்தான். தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வடக்கு ஜன்னலோரம் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் மூக்குப்பொடித் தூளோடு, மலையையும் ஓடையையும் வீடுகளையும் குழிகளையும் தாளில் இறக்கிக்கொண்டிருந்த படக்காரன் வில்வநாதன். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். அந்த ஆபீசில் நான் கோல் பிடிக்கிறவன். சர்வேயர் தூரத்தில் கண்ணாடிக் குழாயை மூன்று கால் தாங்கியில் வைத்துக்கொண்டு கையைக் காட்டுவார், நான் பதினான்கு அடிக் கோலை, சிவப்பும் கறுப்பும் பட்டை அடித்த கோலை, மேட்டிலும் பள்ளத்திலும் முள்ளிலும் கொண்டுபோய் நட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நேராகப் பிடித்திருப்பேன். கோல் ஒரு விரல் சாய்ந்தால் மலை ஒரு முழம் வளர்ந்துவிடும் என்பார் அவர். பதினோரு வருஷம் பிடித்தேன். என் கை அசைந்ததாக ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

தவளக்குன்றை அதற்கு முன்பே இரண்டு முறை படமாக வரைந்திருந்தார்கள். முதல் படம் எங்கள் பாட்டன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் குதிரையில் சுற்றி வரைந்தது, துணியில் ஒட்டியது, அதில் மலைகளெல்லாம் மயிர்மயிராகக் கோடு போட்டு கம்பளிப்பூச்சிகள் படுத்திருப்பதுபோல் இருக்கும். அதில் சுரங்கம் கிடையாது, கூலிக்காரர்களின் லைன் வீடுகள் கிடையாது, ஆனால் அவனுக்கும் முன்னால், எந்தக் காலத்திலோ யாரோ பொன்னுக்காகத் தோண்டிவிட்டுப் போன குழிகள் மட்டும் சின்னச் சின்ன வட்டங்களாகக் குன்றைச் சுற்றி இருந்தன. இரண்டாவது படம் கம்பெனி வந்த பிறகு வரைந்தது, அதில் பழைய குழிகளைச் சேர்க்கவில்லை. துரைமார் கப்பலேறி, நம்மவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த புதிதில், எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக ஒரு படம் வேண்டுமென்று உத்தரவு வந்தது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம். அதற்குத்தான் நான் இரண்டு வருஷம் கோல் பிடித்தேன், வில்வநாதன் ஒரு வருஷம் வரைந்தான்.

அந்தப் பழைய குழிகளில் ஒன்றுக்கு எங்கள் லைன் பெண்கள் அக்கா குழி என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம்தான், ஆனால் அடியில் பக்கவாட்டில் ஒரு வளை போகும், அதற்குள் ஊற்றுத் தண்ணீர் நிற்கும். பெண்கள் முறை வைத்துக்கொண்டு அதில் இறங்கி, சிவப்பு மண்ணைச் சுரண்டி மரத்தட்டில் போட்டு அலசி, தட்டின் ஓரத்தில் ஒட்டும் ஊசிமுனை அளவுப் பொன்னை மயிலிறகின் குழாய்க்குள் ஊதி அடைத்து வைப்பார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் கேஸ். அதனால் பூட்ஸ் போட்ட ஆம்பிளைகள் முன்னால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. உள்ளே ஆள் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம், அவளுடைய சும்மாடு மேலே ஆவாரஞ்செடியில் தொங்கும். புதன்கிழமை என் பெண்டாட்டி பூங்காவனத்தின் முறை.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு மூக்குத்திக்காக ஏழு மாதமாகப் பொன் சேர்த்துக்கொண்டிருந்தாள், மயிலிறகுக் குழாயில் பாதி ஏறியிருந்தது. படம் வந்த வாரத்துப் புதன்கிழமை அவள் புறப்படும்போது, "இன்னிக்கு வேணாம், எனக்கு ஆபீஸ்ல படம் மாட்டற வேலை, கஞ்சிக்கு நேரத்துக்கு வூட்ல இரு" என்றேன்.

"ஒரே ஒரு தட்டுதான் மாமா, வந்துடறேன்" என்றாள்.

"உன் ஒரு தட்டு எனக்குத் தெரியாதா?"

"தெரியுதில்ல? அப்புறம் என்ன கேள்வி?" என்று சிரித்துக்கொண்டு மரத்தட்டைக் கவிழ்த்துத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு போனாள். அவள் முதுகைத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

அச்சாகி வந்திருந்த படத்தை அன்று காலை பத்து மணிக்கு ஆபீஸ் சுவரில் இருந்த பலகையில் மாட்டினார்கள். நான்கு மூலைக்கும் நான்கு பித்தளை ஆணி. வில்வநாதன் மேல்மூலைகளை அடித்தான், "யோவ் ஏகாம்பரம், கீழ்மூலையைப் பிடியா, சுருளுது" என்றான், நான் பிடித்தேன். நாலாவது ஆணி உள்ளே போனதும் தரை லேசாக உடம்பை உதறியது, தூக்கத்தில் மாடு ஈயை உதறுமே அந்த மாதிரி. வெளியே வந்து பார்த்தால் ஆபீஸ் வாசலில் காப்பி நிறத்தில் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பட்டை மண்ணுக்குள்ளிருந்து வந்து கிடந்தது, அது வளைந்து வளைந்து குன்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அதற்கு இருபதடி மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று, குன்று முழுக்க அடுக்கடுக்காக, ஒரே உயரத்து இடங்களைச் சேர்த்துப் படத்தில் வில்வநாதன் போட்டிருந்த உயரக்கோடுகள் அப்படியே. படம் எப்படியோ, நிலம் அப்படி ஆகியிருந்தது.

கோடு யாரையும் கேட்டுக்கொண்டு போகவில்லை. மேஸ்திரி நாகபூஷணத்தின் அடுப்பங்கரைக்குள் நுழைந்து, அம்மிக்கல் மேல் ஏறி, பின்சுவர் வழியாக வெளியே போயிற்று. மாதா கோயிலில் பூசைப் பீடத்துக்கு நடுவே போயிற்று. மாரியம்மன் கோயிலை வில்வநாதன் படத்தில் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிப் போட்டிருந்தான், அதனால் கோயில் பத்தடி இடதுபக்கம் போய் உட்கார்ந்திருந்தது, வேப்பமரம் மட்டும் பழைய இடத்தில் தனியாக நின்றது. அம்மனுக்கு ரோட்டைப் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று பூசாரி சொன்னார், எல்லோரும் சரி என்றார்கள். சாராயம் காய்ச்சும் முனிரத்தினத்தின் குடிசையைக் கம்பெனி வேண்டுமென்றே படத்தில் சேர்க்கவில்லை, அதனால் குடிசை போய், அவன் வெட்டவெளியில் பானையோடு உட்கார்ந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் எங்கள் ஓடையைப் படத்தில் துண்டு துண்டாக, விட்டு விட்டுக் கோடு போட்டு வரைவது வழக்கமாம், அன்றிலிருந்து ஓடை விட்டு விட்டுத்தான் ஓடியது. பத்தடி தண்ணீர், பத்தடி காய்ந்த மணல், மறுபடியும் பத்தடி தண்ணீர். பெண்கள் ஒரு துண்டில் துவைத்தார்கள், அடுத்த துண்டில் குடிக்க மொண்டார்கள், நடு மணலில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள்.

கோடுகளோடு எழுத்துகளும் வந்திருந்தன. ஆபீசர்கள் பந்து அடிக்கிற புல்வெளிக்குக் கோல்ஃப் மைதானம் என்று வெள்ளைக்கார எழுத்தில் வில்வநாதன் படத்தில் எழுதியிருந்தான், அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் இருநூறு அடி உயரத்தில், கரிய பாறையைப் பரப்பிய மாதிரி, குன்றின் தெற்குச் சரிவில் நீட்டிப் படுத்திருந்தன. அதில் இரண்டாவது எழுத்து வட்டமானது. அக்கா குழி இருந்த இடம் அந்த வட்டத்தின் நடுவில் வந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வட்டத்துக்கு உள்ளே வழவழவென்று மொட்டைத் தரை. குழி இல்லை. தூர்ந்த அடையாளம் இல்லை. ஒரு கல் கூட இல்லை, படத்தில் வெள்ளையாக விட்டிருந்த இடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எழுத்தின் ஓரத்து ஆவாரஞ்செடியில் அவளுடைய பச்சைச் சும்மாடு தொங்கிக்கொண்டிருந்தது.

கைகளால் தோண்டினேன். பிறகு கடப்பாரையால் தோண்டினேன். லைன் ஆம்பிளைகள் நாற்பது பேர் ஷிப்டு முடிந்து வந்து அவர்களும் தோண்டினார்கள், சுரங்கத்தில் வெடி வைக்கிறவர்கள் வெடி வைத்தார்கள். மூன்று ஆள் ஆழம் போனோம். விடிந்தால் தரை படத்தில் இருப்பதுபோல் மூடிக்கொண்டது, மேலே கடப்பாரைத் தழும்பு கூட இல்லை. பதினைந்து நாள் தோண்டினோம், பதினைந்து நாளும் மூடிக்கொண்டது. பதினாறாம் நாள் நான் மட்டும் தோண்டினேன்.

இதற்குள் ஊர் கோடுகளுக்குப் பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் சாணி போட்டு மெழுகி மறைத்துப் பார்த்தார்கள், சாணிக்கு மேலேயும் கோடு வந்தது. பிறகு ஒருத்தி குடத்தோடு கோட்டின் மேலேயே நடந்து பார்த்தாள், தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை, மூச்சும் வாங்கவில்லை, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை அல்லவா, அதிலிருந்து மாசமான பெண்களும் சுரங்கத்துத் தூசியால் நெஞ்சு அடைத்துப்போன ஆம்பிளைகளும் கோட்டை விட்டு இறங்குவதில்லை. தபால்காரர் தெருப்பெயரை விட்டுவிட்டு, "அறுபதுக் கோடு, மூணாவது வூடு" என்று கூவினார். ஒரே கோடு இரண்டு வீட்டு அடுப்பைத் தொட்டுக்கொண்டு போனால் அந்த இரண்டு வீடும் பங்காளி என்று ஆனது. பங்காளி நெருப்புக் கேட்டாலும் தண்ணீர் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, பங்காளி செத்தால் பங்காளிதான் தோள் கொடுத்துக் கோட்டின் வழியே பாடையைச் சமமாகக் கொண்டுபோக வேண்டும், பங்காளிக்குள் கல்யாணம் கூடாது. எண்பதுக் கோட்டில் ஒரு பையனும் பெண்ணும் ஆசைப்பட்டுவிட்டார்கள். பையன் வீட்டார் சட்டி பானையோடு இருபதடி மேலே ஏறி நூறுக் கோட்டில் குடிபோய்த்தான் தாலி கட்ட முடிந்தது, அந்தக் கல்யாணத்தில் நாகபூஷணம், "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கொஞ்சம் உயரத்து மனுஷங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

கறுப்பு எழுத்துகள் வெயிலில் சூடேறும் என்று கண்டுபிடித்து அதன்மேல் மிளகாய் காயவைத்தார்கள். பூங்காவனத்தைச் சுற்றி வட்டமாக ஊர் மிளகாய் காய்ந்தது.

எனக்கு வந்த விதி, என் வீட்டு அடுப்பும் வில்வநாதன் வீட்டு அடுப்பும் நாற்பதுக் கோட்டிலேயே இருந்தன. அவன் எனக்குப் பங்காளி ஆகிவிட்டான்.

அவன் ஆபீசில் என்ன செய்தான் என்பது எனக்குப் பத்து நாளில் தெரிந்துவிட்டது. அந்த முதல் படத்தின் மேல் மெழுகுத் துணியைப் போட்டுப் பார்த்து இழுத்தபோது அக்கா குழியின் வட்டத்தையும் இழுத்துத்தான் இருந்தான். பிறகு எழுத்துகள் எழுதும்போது அந்தச் சின்ன வட்டம் பெரிய வட்ட எழுத்துக்கு நடுவில் வந்தது. சவர பிளேடை எடுத்துச் சுரண்டிவிட்டான்.

நேராகப் போய்க் கேட்டேன். "அந்த எழுத்து வயித்துக்குள்ள ஒரு புள்ளி இருந்தா உங்களுக்கு என்ன சார்?"

"கண்ணு மாதிரி முழிச்சிக்கிட்டு இருக்கும்யா. அசிங்கமா இருக்கும்" என்றான்.

"என் பொண்டாட்டி அதுக்குள்ள இருக்கா சார்."

அவன் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "திருத்தணும்னா சர்வேயர் கையெழுத்து வேணும். அவர் மாத்தலாகிப் போயிட்டார். நான் தனியாப் புள்ளி வெச்சா என் வேலை போயிடும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் காலியாக இருந்தபோது நானே உள்ளே போய் அவன் பேனாவால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். தரை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஈ எச்சம் போட்ட மாதிரிதான் இருந்தது. வரைந்தவன் கை வைத்தால்தான் நிலம் கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், எச்சில் தொட்டு நானே துடைத்துவிட்டு வந்தேன்.

இன்னொரு வழி இருந்தது. தகரக் குழாயில் சுருட்டிவைத்திருந்த அந்த முதல் படம், வெள்ளைக்காரன் குதிரையில் சுற்றி வரைந்த கம்பளிப்பூச்சிப் படம், அதில் அக்கா குழி இருக்கிறதே, புதுப் படத்தை எடுத்துவிட்டு அதை மாட்டினால் குழி திறந்துகொள்ளும். ஒரு நிமிஷம் போதும், அவள் வெளியே வந்ததும் மறுபடியும் மாற்றிவிடலாம். நான் இதைச் சொன்னதும் ஊர் கூடியது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், வேப்பமரத்துக்கும் கோயிலுக்கும் நடுவிலிருந்த பத்தடி வெயிலில் உட்கார்ந்தார்கள்.

நாகபூஷணம் எழுந்து, "தம்பி, அந்தப் படத்துல லைன் வூடுங்க இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. குழா தண்ணி இல்லை. கீழே சுரங்கத்துல முந்நூறு பேரு ஷிப்டுல இருக்கான், அந்தப் படத்துல சுரங்கமே இல்லை. ஒரு நிமிஷம்ன்றே. உன் பொண்டாட்டிக்கு ஆனது அந்த முந்நூறு பேருக்கும் ஆகும்" என்றார்.

"எல்லாரையும் மேல ஏத்திட்டு மாட்டலாம் அண்ணே."

"ஏத்திட்டா? வூடு போச்சுன்னா திரும்ப அதே வூடு வரும்னு யார் சொன்னது? முனிரத்தினம் குடிசை வந்துச்சா?"

முனிரத்தினம் கூட்டத்தின் கடைசியில் இல்லை என்று தலையை ஆட்டினான்.

நான் என் மாமியார் கன்னியம்மாவைப் பார்த்தேன். பூங்காவனத்தைப் பெற்றவள். அவள் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்தேன். அவள் மகனுக்கு லைனில் வீடு, ஆஸ்பத்திரியில் அன்றைக்கு முந்தின நாள்தான் மருமகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கன்னியம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மருமவனே" என்றாள். "என் வயிறு எரியுது. ஆனா வேணாம்."

எல்லோரும் அழுதார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள், அழுதுகொண்டே வேண்டாம் என்றார்கள், அழுது முடித்துவிட்டு தகரக் குழாயைக் கிணற்றில் போட்டார்கள். கிணறு படத்தில் நீல வட்டமாக இருந்ததால் ஆழம் எவ்வளவு என்று யாரும் எழுதியிருக்கவில்லை. குழாய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் என்னிடம் குரலை உயர்த்திப் பேசினதில்லை. என் வீட்டு வாசலில் தினமும் யாராவது சோறு வைத்துவிட்டுப் போனார்கள். நான் சாப்பிட்டேன். மன்னிக்கவில்லை.

இப்படி ஐம்பத்தோரு வருஷம். காலையில் எழுந்ததும் நாற்பதுக் கோட்டின் வழியே நடந்து வில்வநாதன் வாசலுக்குப் போவேன், ஒன்றும் பேசாமல் நிற்பேன், அவன் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடுவான், திரும்பி வருவேன். அவனுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்கும் போய் நின்றேன். அவன் மனைவி செத்த அன்றைக்குப் பங்காளி முறைக்குத் தோள் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் போய் நின்றேன். சுரங்கம் மூடினபோது, படத்தை ஆபீசில் விட்டால் செல்லரித்து ஊரும் செல்லரித்துவிடும் என்று பயந்து, எட்டுப் பேர் பலகையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒருவன் தடுக்கித் தாளில் ஒரு மடிப்பு விழுந்தது, ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் அதுதான். அன்றைக்கும் நான் படத்துக்குப் பின்னாலேயே நடந்து போய் அவன் வாசலில் நின்றேன்.

போன மாதம் ஒரு காலையில் கதவைத் திறந்தவன் மூடவில்லை. வயது எண்பத்தைந்து ஆகியிருந்தது, இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது.

"உள்ள வா ஏகாம்பரம்."

போனேன். அவன் மருமகள் சுலோச்சனா ஒரு நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தாள். மேஜையில் மைப்புட்டியும் கூர்ப்பேனாவும் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருந்தன.

"ஏன்யா இத்தனை வருஷமா வர்றே? ஒரு நாளாவது திட்டியிருக்கலாமில்ல?"

"திட்டினா தீந்துடும்."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. "நான் வேலை போயிடும்னு மட்டும் பயந்து சும்மா இருந்தேன்னு நெனக்கிறியா? சுரங்கம் மூடியே இருபது வருஷம் ஆச்சு. புள்ளி வெச்சு, குழி தொறந்து, உள்ள எலும்பு இருந்துச்சுன்னா? அப்புறம் நீ எங்க போய் நிப்பே?"

நான் படத்தில் அந்த வட்ட எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொண்ணு கேக்கறேன். அந்தச் சர்வேயரோட குறிப்புப் புஸ்தகம் என்கிட்ட இருக்கு. பழைய படத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு குழியா அவர் கேட்டுக்கிட்டே வந்திருக்கார். இந்தக் குழிக்கு நேரா, 'தூர்ந்துவிட்டது, கோல்காரர் சொன்னபடி'ன்னு எழுதியிருக்கார்." அவன் வெள்ளை விழுந்த கண்ணை என் பக்கம் திருப்பினான். "கோல்காரர் யாருய்யா?"

கோல்காரன் நான்தான். படத்துக்கு அளவெடுத்த அன்றைக்கு அந்த ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் கோலை நட்டுக்கொண்டு நின்றபோது, சர்வேயர் அங்கிருந்தே கத்தினார், இங்கே குழி காட்டுதே, இருக்கா என்று. செடியில் பச்சைச் சும்மாடு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என் காலடியில் குழிக்குள் இருந்தாள், தட்டு அலசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இருக்கிறது என்று சொன்னால் கம்பெனி ஆட்கள் வருவார்கள், பெண்களைப் பிடிப்பார்கள், குழிக்குக் கான்கிரீட் மூடி போடுவார்கள். எல்லாக் கோல்காரர்களும் பெண்களின் குழிக்கு அப்படித்தான் சொல்வோம். "தூந்துபோச்சு சார்" என்று கத்தினேன். கீழே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கூட எனக்குக் கேட்டது.

"தூர்ந்த குழிக்கும் குறி இருக்கு" என்று வில்வநாதனிடம் சொன்னேன். "விட்டு விட்டுக் கோடு போட்ட வட்டம். நீதான் ஒருதடவை சொன்னே. தூர்ந்துதுன்னு நான் சொன்னேன். சுரண்டச் சொல்லலை."

ஐம்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக அவனை நீ என்றேன்.

"ஆமா" என்றான். "அழகா இருக்கணும்னு சுரண்டினேன்."

பிறகு பேனாவை எடுத்து மையில் தோய்த்தான். சுலோச்சனா பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். பேனா முனை காற்றில் ஆடியது, கோழி கொத்துகிற மாதிரி. "என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ ஏகாம்பரம். கோல் பிடிப்பியே, அந்த மாதிரி. நேரா."

பிடித்தேன். அவன் கை சுள்ளி மாதிரி இருந்தது. வட்ட எழுத்தின் நடுவுக்குக் கொண்டுபோனோம். மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் வெளியே வந்தால் என்னை யாரென்று நினைப்பாள், எழுபத்தெட்டு வயதுக் கிழவனைப் பார்த்து என் மாமா எங்கே என்று கேட்பாளே என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். பேனா தாளைத் தொட்டது. தொட்ட அந்த நேரத்தில் கை நடுங்கியது.

நடுங்கியது அவன் கைதான். என் கை அசைந்ததாக ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

தரை உதறிக்கொண்டது. நான் நாற்பதுக் கோட்டில் ஓடி, பிறகு கோட்டை விட்டு இறங்கித் தெற்குச் சரிவில் ஓடினேன், இந்த வயதில் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. குழி திறந்திருந்தது. ஆனால் வட்டத்துக்கு உள்ளே இல்லை. எழுத்தைத் தாண்டி வெளியே, மேற்கே, எழுபது அடி தள்ளித் திறந்திருந்தது. படத்தில் அது ஒரு எள் அகலம்.

நாகபூஷணத்தின் மகன் கயிறு கொண்டுவந்தான். இறங்கினேன். வழவழவென்று புதுக் குழி, யாரும் கால் வைக்காதது, அடியில் கைப்பிடி மண் கூட இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அப்போது கிழக்குச் சுவருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. மண்ணைத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு, இடமும் வலமுமாகச் சுழற்றுகிற சத்தம். சுழற்றி முடித்து நாக்கால் ஒரு டொக்கு. அவள் பழக்கம் அது.

"பூங்காவனம்!" என்று சுவரில் வாயை வைத்துக் கத்தினேன்.

சத்தம் நின்றது. பிறகு எழுபது அடிப் பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் அலுத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, அவள் குரல் வந்தது.

"ஒரே ஒரு தட்டுதான் மாமா. வந்துடறேன்."

அந்தச் சுவரில் உளி வைத்துப் பார்த்தோம். உளி போன இடம் அவ்வளவும் காலையில் மூடிக்கொண்டது. ஆனால் அது பிறகு. அன்றைக்கு நான் கயிற்றைப் பிடித்து ஏறி, மூச்சிரைக்க வில்வநாதன் வீட்டுக்குத் திரும்பி, "தள்ளிப்போச்சு, எள்ளளவு கிழக்கே, இன்னொண்ணு வை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். சுலோச்சனா அவன் தாடையைக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியிலேயே இருந்தான். பேனா விரலிடுக்கில் இருந்தது, முனையில் மை காயவில்லை.

அந்தக் கையைப் பிடித்து நானே இன்னொரு புள்ளி வைத்துப் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். சுலோச்சனா தடுக்கவில்லை. நிலம் கேட்கவில்லை.

பங்காளி முறைக்குத் தோள் கொடுத்தேன். நாற்பதுக் கோட்டின் வழியே, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், தண்ணீர்க் குடம் போல அவனைக் கொண்டுபோனோம். ஊர் முழுக்க வந்தது. "விட்டுடுய்யா, அந்தாளும் கடைசியில மனசு வெச்சாரில்ல" என்று நாகபூஷணத்தின் மகன் காதோடு சொன்னான். சுடுகாட்டில் கோட்டுப் பங்காளிகள் எல்லோர் கையிலும் எள்ளைக் கொடுத்துத் தண்ணீர் விட்டார்கள். ஐம்பத்தோரு வருஷமாக எத்தனையோ பேர் சொல்லியும் பூங்காவனத்துக்கு நான் எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு யார் விடுவார்கள்? வில்வநாதனுக்கு விட்டேன். ஒன்றை மட்டும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எழுந்து, வழக்கம்போல் நாற்பதுக் கோட்டில் நடந்து அவன் வாசலுக்குப் போனேன். சுலோச்சனா ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். படத்துக்கு முன்னால் நின்று, அவன் வைத்த புள்ளிக்கு ஒட்டினாற்போல் கிழக்கே அந்த எள்ளை வைத்துப் பார்த்தேன். அதன் முனை சரியாக வட்ட எழுத்தின் நடுவில், அவளிடம் போய்த் தொட்டது.

சுவரில் எள் நிற்காது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாலாவது ஆணி அடிக்கும்போது கீழ்மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி. இப்போதும் தினமும் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கை அசைவதில்லை. அவன் எனக்குத் தரவேண்டியது இந்த ஒரு எள், அது இன்னும் வரவில்லை.